செய்தவர் வாக்கும் வாங்குபவர் கண்ணும்

சிகாகோவில் 1940களில் செய்யப்பட்ட வில்டன் வைஸ் ஒன்று கையில் கிடைத்தால், விவரம் தெரிந்தவர்கள் பெயரைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே போய் முன்தாடையை முழுசாக வெளியே உருவிவிடுவார்கள். அந்த நகரும் பாகத்தில், தாடை திரும்பிவிடாமல் நேராக ஓடுவதற்காக நீளமான எஃகுச் சட்டம் ஒன்று பொருத்தியிருக்கும். கிரீஸும் இரும்புத்தூளும் சேர்ந்து கெட்டிப்பட்ட கசடை அதன்மேலிருந்து வழித்தெடுத்துத் துணியால் துடைத்தால், குத்தெழுத்தில் ஒரு மாதமும் ஆண்டும் தெரியும். உத்தரவாதம் முடியும் தேதி அது. நிறுவனம் கொடுத்தது ஐந்து வருட உத்தரவாதம். ஆகவே 52 என்று இருந்தால், அந்த வைஸ் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது 1947இல்.

அன்று அந்த எண் பட்டறைக்காரருக்குக் கொடுத்த வாக்கு. அதற்குள் உடைந்தால் எங்களிடம் வா என்று செய்தவரே இரும்பில் எழுதிக் கொடுத்தது. இன்று அதே எண்தான் அந்த வைஸின் பிறப்புச் சான்றிதழ். வயதைக் கணக்கிடவும் விலையைத் தீர்மானிக்கவும் சேகரிப்பவர்கள் அதைத் தேடுகிறார்கள். உடைந்தால் பொறுப்பேற்க இன்று யாரும் இல்லை. பொருள் நல்லதுதானா என்று கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் வாங்குபவரின் கண்ணுக்கும் கைக்கும் வந்துவிட்டது. பழைய வைஸ்களின் உலகில் நடந்த பெரிய மாற்றமாக எனக்குப் படுவது இதுதான். விலையேற்றமெல்லாம் இதற்குப் பிறகு வருவது.

செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய ஹியூ வோகல் 1941இல் வில்டனைத் தொடங்கியபோது, அமெரிக்காவில் வைஸ் செய்வது வேரூன்றிப்போன தொழில். அதில் புதிதாக நுழைந்தவர் திருகை ஓர் உருளைக்குள் அடைத்து மூடினார். ராவும்போது கொட்டும் தூள் மரைக்குள் போகாது, கிரீஸ் காயாது. பின்பக்கம் குவிந்து தோட்டா போல் இருந்ததால் ‘புல்லட்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவருக்கு முன்பே இந்தத் தொழிலுக்கென்று ஊர்கள் இருந்தன. கனெக்டிகட்டில் மெரிடன், பென்சில்வேனியாவில் ஈரி, ஒஹையோவில் கிளீவ்லாந்து, மாசசூசெட்ஸில் ஆதோல். பழைய வைஸ்களின் பக்கவாட்டில் புடைத்து நிற்கும் எழுத்துகளில் நிறுவனத்தின் பெயரோடு ஊர்ப்பெயரும் கூடவே இருக்கும். ஊரின் மானமும் அந்த வார்ப்பில் அடக்கம் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

ஆதோல் ஊரின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். லரோய் ஸ்டாரெட் என்பவர் இறைச்சி கொத்தும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதைச் செய்வதற்காக 1868இல் அங்கே ஆதோல் மெஷின் கம்பெனி உருவானது. பிறகு அவர் அங்கிருந்து விலகி, அதே ஊரில் 1880இல் அளவுக்கருவிகள் செய்யும் தொழிலைத் தனியாகத் தொடங்கினார். ஸ்டாரெட் மைக்ரோமீட்டர், ஸ்டாரெட் மூலைமட்டம் என்றால் நம் ஊர் டூல்ரூம் ஆட்களுக்கும் மரியாதைதான். 1905இல், தான் விட்டுப்போன பழைய கம்பெனியை அவரே விலைக்கு வாங்கினார். அந்தக் கம்பெனி அதற்குள் நல்ல வைஸ்கள் செய்யும் இடமாகப் பெயர் எடுத்திருந்தது. அதனால்தான் ‘ஆதோல்’ என்ற பெயரிலும் ‘ஸ்டாரெட்’ என்ற பெயரிலும் ஒரே வம்சத்து வைஸ்கள் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

மெரிடனின் சார்லஸ் பார்க்கர் வேறு வகை. 1830களில் காபிக்கொட்டை அரைக்கும் கருவியில் தொடங்கியவர். பார்க்கர் வேட்டைத் துப்பாக்கிகள் இன்றும் பெரிய விலைக்குப் போகின்றன. மெரிடன் நகரின் முதல் மேயரும் அவரே. அவர் தொழிற்சாலையின் வைஸ்கள் பல அளவுகளில், பல தொழில்களுக்கென்று தனித்தனியாக வந்தன. கம்மியருக்கு ஒரு வகை, வண்டி செய்பவருக்குத் தாடை உயர்ந்து முன்தள்ளி நிற்கும் இன்னொரு வகை, குழாய் வேலைக்கு வேறொன்று. மர அச்சு செய்பவர்களுக்காக பென்சில்வேனியாவின் வேய்ன்ஸ்பரோவிலிருந்து எம்மெர்ட் என்பவர் கொண்டுவந்த வைஸ் இன்னும் ஒரு படி மேலே. சுழலும், சாயும், கோணலான மரத்தையும் அணைத்துப் பிடிக்கும். முதுகு வளைந்திருப்பதால் அதற்கு ‘ஆமைமுதுகு’ என்றே பெயர்.

இத்தனை வகை எதற்கு, இத்தனை எடை எதற்கு என்று இன்றைக்குத் தோன்றலாம். அன்று வைஸ்தான் பட்டறையின் நடுநாயகம். மில்லிங், கிரைண்டிங் எந்திரங்கள் எல்லா இடத்துக்கும் வந்துசேராத காலத்தில், வார்ப்பிலிருந்து வந்த பாகத்தை உளியால் செதுக்கி, அரத்தால் ராவி, ஒன்றோடொன்று பொருத்துவது கைவேலை. உளியின் தலையில் சுத்தி விழும் ஒவ்வொரு அடியையும் வைஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். லேசான வைஸ் துள்ளும். துள்ளினால் உளி வழுக்கும். அதனால்தான் ஐம்பது அறுபது கிலோ எடையில், இரண்டு பேர் தூக்கும் வைஸ்கள் வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. நம் ஊர் ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவர்களுக்கு இது தெரியும். முதல் மாதங்களில் வைஸின் முன் நின்று ஒரு இரும்புத்துண்டைச் சதுரமாக ராவுவதுதான் பாடம். உள்ளங்கை கொப்பளித்துக் காய்த்துப்போகும். தாடை தளராமல் பிடிக்கிறதா இல்லையா என்பது அப்போது அரத்தின் வழியாக மணிக்கட்டுக்கே தெரியும்.

அப்படிப்பட்ட இடத்தில் வைஸை யாரும் ரசிக்கவில்லை. அது பெஞ்சின் பகுதி. தாடைத்தட்டு தேய்ந்தால் புதிய தட்டு, நட் தேய்ந்தால் புதிய நட். பாகங்களுக்கு எண் இருந்தது, அந்த எண்ணைச் சொன்னால் அனுப்பும் நிறுவனமும் இருந்தது.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். ராவும் வேலையை எந்திரங்கள் எடுத்துக்கொண்டன. அதன்பின் கணினி ஓட்டும் எந்திரங்கள் வந்தன. 1970களிலும் 80களிலும் அமெரிக்காவின் பழைய தொழில்நகரங்களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. கடைசல் எந்திரம் ஏலத்துக்குப் போனபோது பெஞ்சோடு சேர்ந்து வைஸும் போனது. நிறைய பழைய இரும்பாக உருகியது. வைஸ் செய்த நிறுவனங்களின் கதியும் ஏறக்குறைய அதுதான். பார்க்கர் வைஸ் இன்று இல்லை. கிளீவ்லாந்தின் கொலம்பியன் பெயர் வில்டனோடு போய்ச் சேர்ந்தது. ஈரியின் ரீட் இருக்கிறது. 1896இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் கவனம் இப்போது குழாய்க் கருவிகளில். ஸ்டாரெட் ஆதோலிலேயே இருக்கிறது; 2024இல் ஒரு முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். ஷிப்லி ஊரின் பார்க்கின்சன் ‘பெர்ஃபெக்ட்’ வைஸில் ஒரு நெம்புகோலை அழுத்தினால் பாதிநட் மரையை விட்டு விலகும். தாடையை ஒரே இழுப்பில் முன்னும் பின்னும் தள்ளலாம். சுற்றிச் சுற்றிக் கை ஓய வேண்டியதில்லை. ஷெஃபீல்டில் சி அண்ட் ஜே ஹாம்ப்டன் 1898இல் தொடங்கிய தொழில், 1909 முதல் ‘ரெக்கார்ட்’ என்ற பெயரில் நீல நிற வைஸ்களாக உலகம் சுற்றியது. 1972இல் ரிட்ஜ்வேயோடு இணைந்தது, பிறகு கைமாறிக் கைமாறி இர்வினிடம் வந்தது. அந்த இர்வினை 2017இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கிவிட்டது. நீலம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஷெஃபீல்டு வார்ப்பு வேண்டுமென்றால் பழையதைத்தான் தேட வேண்டும்.

தேடுகிறார்கள். எடைக்கு எடை இரும்பு விலையில் கிடைத்த வைஸை இன்று பெயருக்கு, அளவுக்கு, ஊருக்கு என்று தரம்பிரித்து விற்கிறார்கள். ஆலைகள் நிறைந்திருந்த அமெரிக்காவின் வடகிழக்கிலும் பேரேரிகளை ஒட்டிய மாநிலங்களிலும் இன்னும் நிறையக் கிடைக்கின்றன. மேற்கே போகப் போகக் குறைவு. குறைந்தால் விலை கூடும். வில்டன் புல்லட்டை இன்றும் செய்கிறார்கள் என்றாலும் புதியதன் விலை பெரிய அளவுகளில் ஆயிரம் டாலரைத் தாண்டுவதால், பழையதற்கு இழுப்பு குறையவே இல்லை. இந்தத் தேவை ஒரு புது ஆளையும் உருவாக்கியிருக்கிறது. பழைய வைஸை வாங்கி, மணல் பீய்ச்சி, புட்டி பூசி, பளபளவென்று வண்ணம் அடித்து விற்பவர். எல்லாரையும் குறை சொல்லமாட்டேன். பாகம் பாகமாகக் கழற்றிப் பொறுமையாகச் சரிசெய்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் புது வண்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. என் தேர்வு எப்போதும் துருவும் அழுக்கும் ஒட்டிய வைஸ்தான். துரு எதையும் ஒளிப்பதில்லை.

ஒளிந்திருக்கக்கூடியவற்றில் முதலில் வருவது விரிசல். பழைய வைஸ் உடல்களில் பெரும்பாலானவை சாம்பல் வார்ப்பிரும்பு. அந்த இரும்புக்குள் கரி செதில் செதிலாகப் படிந்திருக்கும். அதனால் அதிர்வை நன்றாக வாங்கும், கடைசலுக்கு இணங்கும். அமுக்கினால் தாங்கும், இழுத்தால் அந்தச் செதில் ஓரங்களிலிருந்து பிளக்கும். வைஸை இறுக்கும்போது பின்தாடையின் அடிப்பகுதி இழுபடுகிறது. நகரும் பாகம் நுழையும் பள்ளத்தின் உள்மூலைகள், தாடை உடலோடு சேரும் கழுத்து, அடித்தட்டில் போல்ட் போகும் காதுகள். விரிசல் விழும் இடங்கள் இவைதான். கைப்பிடியில் நீண்ட குழாயைச் சொருகி இறுக்கியிருந்தால் எங்காவது ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். வளைந்த கைப்பிடியைக் கண்டால் நான் அங்கேயே நின்று நிதானமாகப் பார்ப்பேன்.

சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டிக் கேட்பது ஒரு வழி. கழற்றித் தொங்கவிட்ட முழு வார்ப்பு மணிபோல ஒலிக்கும்; விரிசல் உள்ளது ‘டப்’ என்று அடங்கும். இதைவிட நம்பகமானது ரயில்வே பட்டறைகளில் நெடுங்காலம் நடந்த பழைய சோதனை. சந்தேகப்படும் இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து உலோகம் தெரியச் சுத்தம் செய்ய வேண்டும். மண்ணெண்ணெயைத் தாராளமாகத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். பிறகு உலர்ந்த துணியால் சொட்டுத் தெரியாமல் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்து மெல்லியதாகத் தூவ வேண்டும். காத்திருந்தால், விரிசலுக்குள் போன எண்ணெய் திரும்பக் கசிந்து, வெள்ளைப் பரப்பில் மயிரிழை போல் ஒரு கறுத்த கோடு எழும். கண்ணுக்கும் நகத்துக்கும் தட்டுப்படாத விரிசலை இந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். விற்பவர் அனுமதித்தால் ஏலக்கூடத்திலேயே செய்துவிடலாம். கால்மணி நேர வேலை.

கோடு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு தழும்பு ஓடினால், யாரோ பித்தளை வைத்து ஒட்டியிருக்கிறார் என்று பொருள். நன்றாகச் செய்த ஒட்டு பல காலம் தாங்கும். அதைக் குப்பை என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. லேசான வேலைக்கு அது போதும், விலையைப் பாதியாகப் பேசலாம். புட்டியில் மூடிய விரிசல்தான் ஏமாற்று.

அடுத்து திருகும் நட்டும். முன்தாடையை முழுதாகக் கழற்றித் திருகைப் பார்க்க வேண்டும். மிகப் பழையவற்றில் மரை சதுர வெட்டு, பிற்காலத்தில் சரிவான ஆக்மி மரை. எதுவானாலும் தாடைகள் அடிக்கடி நிற்கும் பகுதியில் மரை மெலிந்து கூர்மையாகியிருந்தால் தேய்ந்துவிட்டது. திருகைக் கடைந்துகொள்ளலாம். நட்டைச் செய்வது கடினம், தேடுவது அதைவிடக் கடினம். கைப்பிடியைத் திருப்பியதும் தாடை நகராமல் எவ்வளவு தூரம் வெறுமனே சுற்றுகிறது என்று பார்த்தாலே தேய்மானம் பிடிபடும். கொஞ்சம் ஓட்டம் இருந்தால் கவலையில்லை. பாதிச் சுற்று வெறுமனே போனால் யோசிக்க வேண்டும்.

தாடைகள் இணையாக மூடுகின்றனவா என்பதற்குக் காகிதம் போதும். இரண்டு கீற்றுகளைத் தாடையின் இரு முனைகளிலும் வைத்து மெல்ல இறுக்கி, இழுத்துப் பார்க்க வேண்டும். ஒன்று இறுகியும் ஒன்று வழுக்கியும் வந்தால் தாடை கோணியிருக்கிறது. தட்டு மட்டும் தேய்ந்திருந்தால் மாற்றினால் முடிந்தது. உடலே வளைந்திருந்தால் சரிசெய்ய முடியாது. தாடையைப் பாதி திறந்து, மேலும் கீழும் தூக்கிப் பார்ப்பதும் அவசியம். அதிகமாக ஆடினால் வழி தேய்ந்திருக்கிறது. பின்னாலிருக்கும் பட்டையான மேடையில் சுத்தித் தழும்புகள் நிறைய இருந்தால், அது பட்டறைக்கல்லாகவும் பயன்பட்ட வைஸ். எல்லா வைஸும் அந்த அடிக்குச் செய்யப்பட்டவை அல்ல.

பழையது என்றாலே உறுதி என்ற நம்பிக்கையை இந்த இடத்தில் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். மெக்னீசியம் சேர்த்து, இரும்பிலுள்ள கரியைச் செதிலுக்குப் பதில் உருண்டையாகப் படியவைக்கும் வழியை கீத் மில்லிஸ் 1943இல் கண்டார். காப்புரிமை 1949இல் வந்தது. அந்த டக்டைல் இரும்பு உடையும் முன் வளையும். ஆகவே 1930இல் வார்த்த வைஸ் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் டக்டைலாக இருக்க வாய்ப்பில்லை. எடையாலும் தடிமனாலும்தான் அது வலுவை ஈடுகட்டியது. இன்றைய நல்ல வைஸ்களுக்கு அந்த இரும்பு இருக்கிறது. ஜெர்மனியின் ஹோயர் போன்றவர்கள் வார்ப்பையே விட்டுவிட்டு எஃகை அடித்து உருவாக்குகிறார்கள். மலிவான புது வைஸ்களிலோ வார்ப்பு மெல்லிசு, திருகும் மெல்லிசு, தாடை மூடும்போது முனையில் வெளிச்சம் தெரியும். பழைய பார்க்கரை ஒரு மலிவுப் புதியதோடு ஒப்பிட்டு ‘அந்தக் காலம்’ என்று பெருமூச்சு விடுவது நியாயமான ஒப்பீடு ஆகாது. பார்க்கரும் அந்தக் காலத்தில் மலிவுச் சரக்கு இல்லை.

வாங்கியபின் சுத்தம் செய்வதற்கு ஒரு வார்த்தை. 1978க்கு முன் அமெரிக்க வண்ணங்களில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளைக் கிளப்பக்கூடாது. துருவை எடுக்க, சலவைச் சோடா கரைத்த நீரில் வைஸைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரால் மின்சாரம் பாய்ச்சுவது நல்ல முறை. இரும்பைத் தின்னாமல் துருவை மட்டும் தளர்த்தும். திறந்தவெளியில் செய்ய வேண்டும், ஏனென்றால் ஹைட்ரஜன் வெளியேறும். மின்சாரத்தின் மறுமுனைக்கு எவர்சில்வர் வைக்கவே கூடாது. நீரில் நச்சுள்ள குரோமியம் கலக்கும். சாதாரண இரும்புத் தகடு போதும்.

பாகங்களின் கதைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. எண் சொன்னால் அனுப்பிய நிறுவனங்கள் போய்விட்டன. அந்த இடத்தில் இன்று தனிமனிதர்கள் நிற்கிறார்கள். பழைய ரீட், பார்க்கர், வில்டன் அளவுகளுக்குத் தாடைத்தட்டை எஃகில் வெட்டி, வரியிட்டு, டெம்பர் ஏற்றி விற்கிறார்கள். சொந்தக் கடைசல் எந்திரத்தில் வெண்கல நட் கடைந்து தருகிறார்கள். எந்த வைஸின் தாடையில் திருகுத்துளைகள் எத்தனை அங்குல இடைவெளியில் இருந்தன என்று அளந்து குறித்து வைத்திருப்பவர்கள் இவர்களே.

வாங்கியதைத் தட்டில் அடுக்கி வைத்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒன்றையாவது பெஞ்சில் ஏற்ற வேண்டும். பெஞ்சின் முன்கால் ஒன்றுக்கு நேர் மேலே, அசையாதபடி நல்ல போல்ட் போட்டு. பின்தாடை பெஞ்சு விளிம்பைவிடச் சற்று வெளியே நிற்க வேண்டும்; அப்போதுதான் நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடித்து ராவ முடியும். உயரத்துக்குப் பழைய ஃபிட்டர்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு உண்டு. வைஸின் முன் நிமிர்ந்து நின்று முஷ்டியை முகவாயில் வைத்தால், முழங்கை தாடையின் மேல்விளிம்பில் பட வேண்டும். படாவிட்டால் அடியில் பலகை வைத்து உயர்த்திக்கொள்ள வேண்டும்.